ஆறாவது பாட்டில் அம்மா

உமையாள்,

இடியப்பமும் சொதியும் மேசையில் மூடி வைத்திருக்கிறேன். உன் ரொக் குழுவில் ட்ரம்ஸ் அடிக்கிற ரெனால்ட் பத்து மணிக்கு வருவானாம், அவனுக்கும் கொடு. அந்த ஒல்லிக் கையால் அப்படி அடிப்பவனுக்குப் பசிக்காமலா இருக்கும்?

ஞாயிற்றுக்கிழமை நான் கதைத்தது பிழை. அம்மா போன துக்கத்தை நீ ஒன்பது பாட்டாக்கி அல்பம் போட்டாய். நான், "ஒப்பாரியை ஆரம்மா வாங்குவான்?" என்றேன். "முதல்ல ஒரு பாட்டையாவது முழுசாக் கேளுங்கோ அப்பா" என்று கதவைச் சாத்தினாய்.

நேற்றுப் பஸ்ஸில் கேட்டேன். ஆறாவது பாட்டில், கிற்றார் இரைச்சலுக்கு அடியில், அம்மா உனக்கு எப்போதோ போனில் அனுப்பிய குரல்: "வரேக்க கறிவேப்பிலை வாங்கிட்டு வா பிள்ளை. அப்பாட்டச் சொல்லாத, அவர் பேரம் பேசிப் பேசி வாடினதைத்தான் கொண்டு வருவார்."

அவள் எனக்கு அனுப்பிய குரல்கள் என் பழைய போனோடு போய்விட்டன. கடைக்காரனை மடக்கி, பழையதைக் கொடுத்துப் புதுப்போனும் இலவசமாக இயர்போனும் வாங்கிய பெருமையில், அவற்றை எடுத்துவைக்க மறந்தேன். உன்னிடம் சொல்ல வெட்கமாக இருந்தது.

அந்தக் குரலை மட்டும் தனியாகப் பிரித்துத் தருவாயா? என்ன கேட்டாலும் பேரம் பேசமாட்டேன்.

அப்பா

மறந்துவிட்டேன்: கேஸ் அடுப்பை மூடிவிட்டுப் போ.

இன்னொன்று. நேற்றுப் பஸ் கொள்ளுப்பிட்டியில் நிற்கும்போது அவள் அந்தக் கறிவேப்பிலைக் கதையைச் சொன்னதும், "இல்லையப்பா, இந்தமுறை நல்லதாப் பாத்து வாங்கிறன்" என்று சத்தமாகவே சொல்லிவிட்டேன். பக்கத்தில் இருந்தவர் திரும்பிப் பார்த்தார். அவள் ஏதாவது எதிர்த்துச் சொல்லுவாள் என்று பஸ் பம்பலப்பிட்டி தாண்டும்வரை காத்திருந்தேன்.