குடாவின் நடுவில் சேறுதான்

அனுப்பர்பாளையம்,
ஞாயிறு காலை.

அன்பு மக ஆஃப்ரினுக்கு அத்தா சொல்லும் ஸலாம். அல்லாஹ் கிருபையில இங்க எல்லாரும் சுகம், ஸ்காட்லாந்துக் குளிர்ல நீயும் சுகமா இருக்கணும்னு அஞ்சு வேளையும் கேட்டுக்கறோம். போன்ல பேசினா சொல்ல வந்ததுல பாதி மறந்துபோகுது, அதான் எழுதறேன், உன் தம்பி வாசிம் போட்டோ எடுத்து அனுப்புவான்.

ஜெயிச்சுட்டே கண்ணு! உன் வரைபடத்தை ஆபீஸ்ல ஏத்துக்கிட்டாங்கன்னு கேட்டதும் உங்கம்மா ஊத்துக்குளி நெய்யில கேசரி கிண்டித் தெரு பூராக் குடுத்துட்டா, எம்மக கடலுக்கடியில என்ன மண்ணு கெடக்குதுன்னு கண்டுபுடிச்சுட்டான்னு வேற ஊரெல்லாம் சொல்லியாச்சு. எங்க மேனேஜர் மகுடேஸ்வரன்கூட, ஏனுங்க பாய், கடலே இல்லாத ஊர்ல பொறந்த புள்ளைங்களா அதுன்னு கேட்டார். ஆமாங்கன்னு நெஞ்சை நிமித்திச் சொன்னேன்.

ஆனா நான் செஞ்ச கூத்து எனக்கும் உனக்கும்தான் தெரியும். சத்தம் அனுப்பிக் கடலடியைப் பாக்கற சோனார் கருவி, குடாவுக்கு நடுவுல சேறுன்னு காட்டுது, பழைய வரைபடம் மணல்னு சொல்லுது, பழசை மாத்தாதேன்னு அதிகாரி சொல்றார் அத்தான்னு நீ அழுதே. இருபத்தெட்டு வருஷம் பனியன் கம்பெனியில செக்கிங் பார்த்த புத்தி எங்க போகும்? சரக்கு வாங்கற பையர் சீல் வெச்சுக் குடுத்த சாம்பிள்தான் சட்டம், அதுக்கு ஒத்துவரலைன்னா நம்ம துணிதான் தப்பு, உனக்கு அந்தப் பழைய வரைபடம்தான் சாம்பிள், பேசாம அதுமாதிரியே போட்டுக் குடுன்னு சொன்னேன். கடலுக்கு யாரும் சீல் வெச்சுத் தரலை அத்தான்னு போனை வெச்சவ எட்டு நாள் பேசலை. எனக்குச் சோறு எறங்கலை.

அந்த எட்டு நாளும் நீ படகுல போய் நாப்பது இடத்துல மண்ணள்ளி, சல்லடையில அலசி, மணல் இது சேறு இதுன்னு பிரிச்சு, முப்பத்தேழு இடம் சேறுதான்னு அவங்க மேசையிலயே கொண்டுபோய் வெச்சிருக்கே. மணல்னு நம்பி அங்க படகுத்துறை கட்டியிருந்தா தூணெல்லாம் எறங்கியிருக்கும்னு அந்த அதிகாரியே எந்திரிச்சுச் சொன்னாராமே, அடேங்கப்பா! எம்பேச்சைக் கேக்காததுக்கு உனக்குக் கோடி துஆ. கையுறை போடாம படகு ஏறாதே, வெறும் ரொட்டியைத் தின்னுட்டு ஒடம்பைக் கெடுத்துக்காதே.

நேத்து வாசிம் அந்த வரைபடத்தைப் பெருசாக்கிக் காட்டினான். மஞ்சளும் சாம்பலுமா எனக்கு ஒண்ணும் வெளங்கலை. கீழ் மூலையில இருந்ததை மட்டும் எழுத்துக் கூட்டிப் படிச்சேன், ஆஃப்ரின் கியாசுதீன்.

அல்லாஹ் உனக்கு நீண்ட ஆயுசும் பரக்கத்தும் தரட்டும். ஒண்ணு மட்டும் ஞாபகம் வெச்சுக்க கண்ணு. தப்பாச் சொன்னவன் பேரு சரியான வரைபடத்துல நிக்குது, எனக்கு வெக்கமாத்தான் இருக்கு, ஆனா அதை எடுத்துடாதே.

உன் அத்தா,
கியாசுதீன்