பிரெஞ்சு பாடத்தில் அம்மா

25 அக்டோபர் 1934, வியாழன். இரவு.

அம்மாவின் பதினாறாம் நாள் காரியம் முடிந்து இன்றுதான் கான்வென்ட்டுக்குப் போனேன். பிரெஞ்சு வகுப்பில் உரையாடல் பயிற்சி. புத்தகத்தில் உள்ளபடி ஒருத்தி கேட்க, இன்னொருத்தி பார்க்காமல் பதில் சொல்ல வேண்டும். என்னைக் கேட்டவள் என் சீனத் தோழி மேய் லின். "உன் அம்மா எப்படி இருக்கிறார்?" என்ற வரிக்கு வந்ததும் அவள் நின்றுவிட்டாள். புதிதாக வந்திருக்கும் சிஸ்டருக்கு விஷயம் தெரியாது. மேலே கேட்கச் சொன்னார். மேய் லின் என் முகத்தைப் பார்க்காமல் கேட்டாள்.

"அம்மா நலமாக இருக்கிறார். சந்தைக்குப் போயிருக்கிறார்," என்றேன். வாய் தானாகச் சொல்லிவிட்டது. இந்தப் பாடத்தைச் சமையலறையில் அம்மாவை வைத்துத்தான் மனப்பாடம் செய்தேன். பிரெஞ்சுக் கேள்வியை நான் சொல்லக் காதால் கேட்டே பிடித்துக்கொண்டு, தேங்காய் துருவியபடி என்னைக் கேட்பாள். நான் அதற்கு அர்த்தம் சொன்ன அன்று, "எதிர்லதானடி இருக்கேன், பாத்துச் சொல்லு," என்று சிரித்தாள்.

ஒரு பிழைகூட இல்லை என்று சிஸ்டர் பாராட்டினார். எனக்கு அவர்மேல் கோபமாக வந்தது.

சாயங்காலம் ரயில் ஸ்டேஷன் வேலை முடிந்து வந்த அப்பா, அம்மா போன பிறகு முதல் தடவையாகப் படிப்பைப் பற்றிக் கேட்டார்.

"இன்னிக்கு என்னம்மா பாடம்?"

"பிரெஞ்சுல பேசச் சொன்னாங்க."

"என்ன பேசின?"

மறைக்கத் தோன்றவில்லை. "அம்மா நல்லா இருக்காங்கன்னு சொன்னேம்பா."

திட்டுவார் என்று நினைத்தேன். காலிலிருந்து கழற்றக் குனிந்தவர், சப்பாத்துக் கயிற்றைப் பிடித்தபடி நிமிராமலே இருந்தார்.

"அந்த பாஷையில இன்னொரு தரம் சொல்லு," என்றார்.

சொன்னேன். சந்தைக்குப் போயிருக்கிறார் என்பதையும் சேர்த்தே சொன்னேன்.