பத்தொன்பதாவது கேட்

மிக்குலாஷ், 9 மார்ச் 1987

அன்புள்ள வாவ்ரோ,

நலம்தானே? தோள்மூட்டு கழன்று பத்து வாரமாயிற்று. இப்போது ரொட்டி வெட்ட முடிகிறது. மே மாதத் தேர்வுப் போட்டிக்குள் துடுப்புப் பிடித்துவிடலாம் என்கிறார் டாக்டர். உன் அம்மா செம்மறிப் பாலாடைக்கட்டி கொண்டுவந்தார். நீ பிராட்டிஸ்லாவாவில் தீபோர் என்பவனோடு பயிற்சி செய்வதாகச் சொன்னார். நான் வரும்வரை கை பழகத்தான் என்று அவருக்கு நானே சமாதானம் சொன்னேன். ஒரு வரி எழுதியிருக்கலாம் நீ. ஒன்பது வருடம் ஒரே படகில் உன் முன்னால் மண்டியிட்டுத் துடுப்புப் போட்டவன் அல்லவா?

உன் பிளாஷெய்

பிராட்டிஸ்லாவா, 20 மார்ச்

பிளாஷெய்,

இனி என் முன்னால் தீபோர்தான். உன் தோள் ஆறும்வரை உலகப் போட்டி காத்திருக்காது. ஒன்பது வருடமும் படகைத் திருப்பியவன் நான். நீ பாரமாகத்தான் இருந்தாய். பயிற்சியாளரிடமும் இதைச் சொன்னேன். சிரித்துவிட்டு, "கண்ணு நல்லாத்தானே இருக்கு, கேட்ல நிக்க வைப்போம்" என்றார். ஒவ்வொரு கேட்டிலும் படகு தொங்கும் இரண்டு கம்புக்கு நடுவே போகிறதா என்று பார்க்க, தேர்வுக்கு நடுவர் போதவில்லை. வா, ஆற்றங்கரையிலாவது இருக்கலாம்.

வாவ்ரோ

பிராட்டிஸ்லாவா, 2 ஜூன்

அன்புள்ள பிளாஷெய்,

தேர்வுப் போட்டியில் பத்தொன்பதாவது கேட்டில் நீ 'ஐம்பது' பலகையைத் தூக்கினாய். அந்த ஐம்பது விநாடி கூடாமல் இருந்தால் முதலிடம் எங்களுடையது. ஒரு தலை கம்புக்கு வெளியே போனாலும் ஐம்பதுதான், ஆனால் யார் தலை என்று நடுவர் சீட்டில் இல்லை. தீபோரைக் கேட்டேன். "ரெண்டு தலையும் உள்ளதாண்ணே போச்சு" என்று அழுதான். எல்லோர் முன்னாலும் பொய்யன் என்று அவனை அறைந்தேன். படகுக் கழகத்தில் அவன் பெயரை நீக்க வைத்தேன். இப்போது எங்கோ மரம் அறுக்கிறானாம். மார்ச்சில் எழுதியதற்கு என்னை மன்னித்துவிடு. அவன் தலைதானே, பிளாஷெய்? ஒரு வார்த்தை போதும்.

உன் வாவ்ரோ

மிக்குலாஷ், 29 ஜூன்

அன்பு வாவ்ரோ,

உன் கடிதம் உடனே கிடைத்தது. நம் அணி உலகப் போட்டிக்குப் பிரான்ஸ் போய்ச் சேரட்டும் என்று காத்திருந்தேன்.

இரண்டு தலையும் உள்ளேதான். தீபோரின் காதுக்கும் கம்புக்கும் நடுவே நான்கு விரல் இடம் இருந்தது. தலைமை நடுவர் ஓடிவந்து, "நெசமாப் பாத்தியா?" என்று கேட்டார். "பாத்தேன்" என்றேன். பிறகு போய்ச் சூப் குடித்தேன். நன்றாக இருந்தது.

இந்தக் கடிதத்தைப் படகுச் சங்கத்திடம் கொடு, மறுக்கமாட்டேன். என் நடுவர் அட்டையைப் பிடுங்குவார்கள், அவ்வளவுதான். தீபோரிடம் காட்டுவது உன் பாடு. ஒரு மாதமாக அவனை நம்பாதவன் நீ. நான் அவனை அறைந்ததில்லை.

இனி எழுதாதே.

பிளாஷெய்