மேற்கோள் குறியில் தொடங்கிய வரிகள்

பிரிக்பீல்ட்ஸ்
14.8.1987

அன்புள்ள அப்பாவுக்கு வணக்கம்.

முழங்கால் வலி குறைந்ததா? மழையில் சைக்கிளை எடுக்காதீர்கள். நான் சுகமாக இருக்கிறேன்.

ஆய்வு நிலையத்தில் ஒரு வேடிக்கை நடந்தது. தெலுக் பங்லிமா காராங்கில் ஒரு தொழிற்சாலையில் பெண்கள் அடிக்கடி மயங்கி விழுவதைப் பற்றி விசாரணைக் குழுவுக்கு மலாயில் அறிக்கை தயாரிக்கிறோம். கணினியில் தட்டச்சு செய்தது நான்தான். அச்சிட்ட தாள்களைப் பார்க்க அந்தத் தொழிற்சாலையில் வேலை செய்யும் வீரம்மா அக்கா வந்தார்.

"மேனேஜர் பேசுனது மூணு பக்கம் இருக்கு. நான் சொன்னது எங்க லா, தங்கச்சி? மெஷினும் அவங்க ஆளா?"

கணினியில் பார்த்தேன், தட்டியதெல்லாம் இருந்தது. பிறகுதான் காரணம் தெரிந்தது. பக்கங்களை வடிவமைக்கும் நிரல், வரியின் தொடக்கத்தில் ஒற்றை மேற்கோள் குறி இருந்தால் அந்த வரியைக் கட்டளை என்று எடுத்துக்கொள்கிறது. அப்படியொரு கட்டளை தனக்குத் தெரியாததால் சத்தமில்லாமல் விட்டுவிடுகிறது. பெண்கள் சொன்னதையெல்லாம் வரிக்கு ஒன்றாக, மேற்கோள் குறியிட்டுத் தட்டியிருந்தேன். மேலாளரின் பதில் சாதாரணப் பத்தி, அது தப்பிவிட்டது.

அச்சில் தெரியாத ஒரு குறியை ஒவ்வொரு வரிக்கும் முன்னால் சேர்த்தேன். நாற்பத்தொரு வரிகளும் வந்துவிட்டன. "தலை சுத்துதுன்னு சொன்னா சிரிக்கிறாங்க" என்ற தன் வரியை அக்கா மலாயில் இரண்டு முறை படித்துவிட்டுத்தான் போனார். நாளை அறிக்கை குழுவுக்குப் போகிறது.

கறித்தூள் தீர்ந்துவிட்டது, அனுப்புங்கள். இன்னொன்று, அப்பா. "அம்மா விசாரித்தாள்" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறீர்கள். அம்மா சொல்வதைச் சொன்னபடியே எழுதுங்கள். திட்டினாலும் சரி.

பஸ் வந்துவிட்டது.

உங்கள் மகள்,
மீனலோசனி