முப்பத்துநான்கு மூச்சு

மொன்றியல்,
14 மார்ச் 2006, செவ்வாய்

அன்புள்ள மகள் அனோஜினிக்கு,

நீ சுவிஸ் லோசானிலிருந்து அனுப்பிய ஒலித்தட்டில், இரண்டாம் பாகத்தின் முதல் நான்கு நிமிடத்துக்குள் முப்பத்துநான்கு தடவை மூச்சு எடுக்கிறாய். எண்ணியது அம்மா, ஞாயிறு பின்னேரம். நேற்று நான் தனியாக எண்ணிப் பார்த்தேன், அதே தொகைதான். போன வருடம் இங்கே நீ இதே இசையை வாசித்த தட்டும் வீட்டில் இருக்கிறது. அதில் இருபத்திரண்டு.

இதை முதலில் எழுதியதற்குக் கோபிக்காதே. யாழ்ப்பாணத்தில் பத்தொன்பது வருடம் பத்திரிகைக்குச் செய்தி எழுதியவனுக்கு, உறுதியானதை முதலில் சொல்லித்தான் பழக்கம்.

தட்டு போன புதன்கிழமை வந்தது. உறை ஒரு மூலையில் நசுங்கியிருந்தது; தட்டுக்குச் சேதமில்லை. உன் புல்லாங்குழலும் பியானோவும் மட்டும், ஒத்திகையில் பிடித்தது, இன்னும் திருத்தவில்லை என்று எழுதியிருந்தாய். திருத்தாததையே அனுப்பு என்று கேட்டதும் நான்தான். குறிப்புப் புத்தகத்தில் இருப்பது எல்லாம் அச்சில் வருவதில்லை என்பது எனக்குத் தெரியும்.

கேட்டவர்கள் என்ன சொன்னார்கள் என்று அறிய உனக்கு ஆசை இருக்கும். கூட்டாமல் குறைக்காமல் எழுதுகிறேன்.

ஜான்-டலோன் சந்தையில் என்னோடு மரக்கறி அடுக்கும் தியாகராசா அண்ணை வெள்ளிக்கிழமை வேலை முடிந்து வந்தார். குளிர்க் கோட்டைக் கூடக் கழற்றாமல் கதிரையில் இருந்து கேட்டார். முதல் பாகம் முடிந்தது. பிறகு, சுதி பிடிச்சு முடிஞ்சுதோ, இனிப் பாட்டுத் தொடங்குமோ என்று கேட்டார். அம்மா சிரித்த சிரிப்பில் தேத்தண்ணீர் சிந்திவிட்டது. ஆனால் கடைசிப் பாகத்தில் நீ வேகமெடுக்கும் இடத்தில் அவருடைய விரல் மேசையில் தாளம் போட்டது. இஞ்ச பார் வின்சன்ட், உன்ர பெட்டை பூனை துரத்தின அணில் மாதிரியெல்லே ஓடுறாள் என்றார். அவரிடமிருந்து இதற்கு மேல் பாராட்டு எதிர்பார்க்க முடியாது.

சனிக்கிழமை லவாலிலிருந்து புஷ்பராணி அன்ரி வந்தா. அங்கே முதியோர் இல்லத்தில் நோயாளரைப் பராமரிக்கும் அதே வேலைதான் இப்போதும். இரண்டாம் பாகம் போய்க்கொண்டிருக்கும்போது கையிலிருந்த வடையை மேசையில் வைத்துவிட்டா. குசினிக்குள் போய் அம்மாவிடம் குரலைத் தணித்து, பிள்ளை படுக்கேக்க இருமுறவளோ, எத்தனை தலைகாணி வைச்சுப் படுக்கிறவள் என்று விசாரித்தா. மூச்சு முட்டுகிறவர்களிடம் அங்கே கேட்கிற கேள்வி அது. எனக்குக் கேட்காது என்று நினைத்திருப்பா.

மேல் மாடியில் இருக்கும் தீபக்கை உனக்குத் தெரியாது. சென்னைக்காரர், கணினி நிறுவனத்தில் வேலை. அவர் வியாழக்கிழமையே கேட்டுவிட்டார். சூப்பரா வாசிச்சிருக்காங்க அங்கிள், மூச்சுச் சத்தம்தான் மைக்ல ரொம்ப விழுந்திருக்கு, நான் கிளீன் பண்ணித் தர்றேன் என்று பிரதி எடுத்துக்கொண்டு போனார். எங்களுக்கு உதவி செய்வதாகத்தான் நினைத்தார். மூன்று நாள் மாலையில் உட்கார்ந்து உன் மூச்சை ஒவ்வொன்றாக அழித்து, ஞாயிறு மத்தியானம் புதுத் தட்டாகக் கொண்டுவந்து தந்தார்.

அதை அம்மாவால் இரண்டு நிமிடம்கூடக் கேட்க முடியவில்லை. நிப்பாட்டுங்கோ, பிள்ளை மூச்சு விடேல்லை என்று எழும்பிவிட்டா. தீபக் பாவம், என்ன பிழை செய்தேன் என்று தெரியாமல் நின்றார். அவர் போன பிறகு அம்மா பழைய தட்டைப் போட்டுவிட்டு, செபமாலையைக் கையில் எடுத்தா. செபம் சொல்கிறா என்று நினைத்தேன். ஒரு செபமணிக்கு ஒரு மூச்சாக உருட்டிக்கொண்டிருந்தா.

தொலைபேசியில் கேட்டால் சளிதான் அப்பா என்கிறாய். அதற்கு இதுவரை ஒரே சாட்சி நீ. அப்படிச் சொல்லும்போதே நடுவில் றிசீவரைக் கையால் பொத்துகிறாய். ஏப்ரல் 22ஆம் திகதி முழு இசைக்குழுவோடு மேடையேற வேண்டும். வைத்தியரிடம் போனால் ஊத வேண்டாம் என்று மறித்துவிடுவார் என்று பயப்படுகிறாய். இது என் ஊகம். ஊகம் என்றே எழுதுகிறேன்.

இன்னுமொன்று இருக்கிறது. 1992இல் யாழ்ப்பாணத்தை விட்டு இரவில் கிளாலிக் கடல் கடந்தபோது உனக்கு ஆறு வயது. முட்டு வருத்தம் என்கிற ஆஸ்துமா, நெஞ்சு விசில் மாதிரிக் கத்தும். நேவிக்காரனுக்குக் கேட்டுவிடும் என்று வள்ளத்தில் எல்லோரும் எங்களைப் பார்த்தார்கள். நான் உன் காதுக்குள் மூச்சுக் காட்டாதே என்றேன். சத்தம் போடாதே என்றுதான் கருதினேன். நீ சொல்லை அப்படியே எடுத்துக்கொண்டு மூச்சை அடக்கிவிட்டாய். மடியில் துவண்ட பிறகுதான் அம்மா கண்டு, முதுகில் அடித்து மூச்செடுக்க வைத்தா. அதன் பிறகு வீட்டில் யாரும் அதைப் பற்றிக் கதைக்கவில்லை. உனக்கு ஞாபகம் இருக்கிறதோ தெரியாது. ஆனால் எது நோகுதென்றாலும் நீ எங்களுக்கு மூச்சுக் காட்டுவதில்லை.

பத்திரிகையில் பிழை விட்டால் அடுத்த நாளே திருத்தம் போடுவோம். இதற்குப் பதினாலு வருடம் பிந்திவிட்டேன். நான் அன்று சொன்னது பிழை. எங்களுக்கு மூச்சுக் காட்டு, பிள்ளை.

வைத்தியரிடம் போ. அவர் மறித்தால் மேடை அடுத்த வருடமும் இருக்கும். உன் நெற்றியில் சிலுவை போட இங்கிருந்து கை எட்டாது. அம்மா உன் தட்டின் உறையில் போட்டு வைத்திருக்கிறா.

இந்தக் கடிதம் உன் கையில் கிடைக்க ஏழெட்டு நாள் செல்லும். 26ஆம் திகதி ஞாயிறு காலை பத்து மணிக்குத் தொலைபேசி எடுப்போம். அன்று உங்கள் ஊரில் கடிகாரத்தை ஒரு மணி முன்னுக்குத் தள்ளுகிறார்கள், இங்கே அடுத்த வாரம்தான். ஆகவே உனக்கு மாலை ஐந்து. பூசையைச் சனிக்கிழமையே கண்டுவிடுவோம். வைத்தியர் சொன்னதை அப்போது சொல். சொல்ல முடியாவிட்டால் ஒன்றும் கதைக்க வேண்டாம். றிசீவரைப் பொத்தாமல் வைத்திரு. அம்மா எண்ணிக்கொள்வா.

உன் அப்பா,
வின்சன்ட்