கரடி பார்த்த மூலை

குட்டித்தம்பி,

போன சனிக்கிழமை வியட்நாம்காரர் கடையில் சப்போட்டாப் பழம் கிடந்தது. ஆறு வாங்கி வந்து, குசினியில் நின்றபடியே ஒன்றை உரித்துத் தின்றேன். இன்னும் சரியாகக் கனியவில்லை. தின்று முடிய உதடு இரண்டும் ஒட்டிக்கொண்டன. அந்தப் பிசின் பட்ட உடனே நீ வந்துவிட்டாய். இங்கே அமெரிக்காவில், கேட்டியில், ஏசி போட்ட வீட்டில், பைப்பைத் திறந்து வாயைக் கழுவிக் கழுவி அழுதேன். தண்ணீருக்கு அது போகாது என்று எனக்குத் தெரியும். தேங்காய் எண்ணெய்தான் வேண்டும்.

நம் ஊர்க் காட்டில் பாலைப்பழம் தின்னப் போகுமுன் உதட்டில் எண்ணெய் பூச வேண்டும் என்று எத்தனை தரம் உனக்குச் சொல்லியிருப்பேன். கேட்கமாட்டாய். மஞ்சளாய் உதிர்ந்து கிடப்பதை மண்ணோடு அள்ளி வாயில் போடுவாய். பிறகு வாய் ஒட்டி, "ம்ம், ம்ம்" என்று என் பாவாடையைப் பிடித்து இழுப்பாய். "கரடியின்ர பங்கையும் சேத்துத் திண்டால் இப்பிடித்தான்" என்று சொல்லி எண்ணெய் தடவி விடுவேன். பாலை பழுக்கும் மாதங்களில் கரடி மரத்திலேயே குடியிருக்கும். அந்தப் பக்கம் போகாதே என்று உன்னைத் தடுத்தவளும் நான்தான்.

நாட்டில் மூண்ட சண்டை நம்மை அங்கிருந்து கிளப்பியதோடு என் படிப்பு ஏழாம் வகுப்பில் நின்றது. நான் கலியாணம் முடித்து இங்கே வந்தேன். நீ காட்டுக்கே திரும்பிப் போனாய். வில்பத்துச் சரணாலயத்தில் ஆட்களை ஏற்றிக்கொண்டு போய் மிருகங்கள் காட்டும் ஜீப் ஓடினாய். விடியற்காலையில் கேட் திறக்கும்வரை வரிசையில் நிற்கும் நேரம் பார்த்து ஃபோனில் எனக்குக் குரல் அனுப்புவாய். உனக்கு விடியும்போது எனக்குப் பின்னேரம். இடியப்பம் அவித்துக்கொண்டே கேட்பேன். வில்லுக் குளம் வற்றிவிட்டது, சேற்றில் முதலைகள் கட்டை மாதிரிக் கிடக்கின்றன என்பாய். அப்படியொரு குளம் இந்த ஊரில் யாருக்குத் தெரியும்? மரைமான் ஒன்று ஜீப்பை மறித்து நின்று மூக்கை உறிஞ்சியதாம். ஒருத்தர் சிறுத்தை எத்தனை மணிக்கு வரும் என்று கேட்டாராம். "சிறுத்தை என்ன அண்ணை பஸ்ஸா, நேரத்துக்கு வர எண்டு கேட்டன் அக்கா. அந்தாள் கோவிச்சிட்டுது."

பதினொரு வருஷம் ஓடினாய். ஒருநாளும் காட்டுக்குள் ஜீப்பை விட்டுக் கால் கீழே வைத்ததில்லை. அதுதான் சட்டம், அது உன் சட்டமும்கூட. "ஜீப்புக்குள்ள இருக்குமட்டும் நாங்கள் ஒரு பெரிய மிருகம், அக்கா. இறங்கினால் வெறும் இறைச்சி" என்பாய். யானைக்கு நீ அவ்வளவு பயந்ததில்லை. "ஆனை சொல்லிப்போட்டு வரும். கரடி சொல்லாது."

இதெல்லாம் தெரிந்துகொண்டுதான் நான் உன்னிடம் கேட்டேன்.

சுபா அக்காவைப் பற்றி உனக்கு எத்தனையோ தரம் சொல்லியிருக்கிறேன். எனக்கு இங்கிலீஷ் வாசிக்கத் தெரியாது. என் கிரீன் கார்ட் பேப்பர் எல்லாம் அவதான் இருந்து நிரப்பித் தந்தா. எனக்குக் காய்ச்சல் என்றால் அவவின் புருஷன் டொக்டர் வீட்டுக்கே வந்து பார்ப்பார். முந்தின வருஷம் பள்ளிக்கூட லீவுக்கு மகளையும் கூட்டிக்கொண்டு ஊருக்குப் போகிறோம், உம்மட தம்பியின் ஜீப்பிலேயே போவோம் என்றபோது எனக்குத் தலைகால் புரியவில்லை. அவர்களுக்குத் திருப்பிச் செய்ய எனக்கும் ஒன்று கிடைத்ததே என்று சந்தோஷம். "சிறுத்தைப் படம் எல்லாரும் போடினம். எனக்குக் கரடி வேணும்" என்று ஊரில் இறங்கியதும் டொக்டர் ஃபோனில் சொன்னார். உடனே உனக்கு ஃபோன் எடுத்தேன்.

"அக்கா, காடு என்ன என்ர வீட்டு ஃப்ரிட்ஜா, திறந்து எடுத்துக் குடுக்க?" என்றாய்.

"உனக்கு வாய் கூடிப்போச்சு. அவையள் எனக்குச் செய்தது கொஞ்சநஞ்சமில்லை. வெறுங்கையோட அனுப்பிப்போடாத."

"கிடைச்சால் காட்டுவன். கிடைக்காட்டி என்ன செய்ய?"

"நான் உன்னட்ட இதுவரைக்கும் ஏதும் கேட்டனானா? இது ஒண்டைத்தான் கேக்கிறன். என்ர மானம் உன்ர கையில."

"சரி, பாப்பம்" என்றாய்.

மூன்றாம் நாள் செய்தி வந்தது. பாலை மரத்தில் நின்ற தாய்க்கரடி இறங்கி வந்து உன்னை அடித்துவிட்டது. பின்னால் வந்த ஜீப்காரர்கள் கத்தித்தான் அதைத் துரத்தினார்களாம். டொக்டர் ஆஸ்பத்திரி போகும்வரை உன் கழுத்தைத் துணியால் அழுத்திப் பிடித்தபடி இருந்தாராம். அதை நான் மறைக்கமாட்டேன். பேப்பர் முடியவில்லை, இப்போது போனால் திரும்பி வர முடியாது என்று உன் அத்தான் என்னைப் பிடித்துக்கொண்டார். உன் செத்தவீட்டை ஃபோனில் பார்த்தேன். யாரோ சரித்துப் பிடித்திருந்தார்கள். பெட்டி மூடியிருந்தது. முகத்தைக் காட்டுங்கள் என்று நான் கத்த, உன் மனைவி, என் மச்சாள், ஃபோனுக்குக் கிட்ட வந்து, "காட்ட ஏலாது, அக்கா" என்றாள்.

விசாரித்தவர்களுக்கு டொக்டர் ஒரு வாக்குமூலம் கொடுத்தார். ட்ரைவர் தானாகத்தான் இறங்கினார், நாங்கள் ஒன்றும் கேட்கவில்லை, எதற்கு இறங்கினார் என்றே தெரியவில்லை என்று. அப்படியே எழுதிவிட்டார்கள். சட்டத்தை மீறினவன் என்று பெயர் எடுத்தாய். கேட் வரிசையில் உனக்குப் பின்னால் ஜீப்பை நிறுத்தினவர்களே, "அவனுக்கு விசர் பிடிச்சதோ, ஏன் இறங்கினவன்?" என்று கேட்டார்களாம். மச்சாள் சொல்லிச் சொல்லி அழுதாள். நானும் உன்னைத்தான் திட்டினேன். அதற்கு என்னை மன்னித்துக்கொள்.

போன மாதம் சுபா அக்காவின் மகள் நிலாவுக்குப் பிறந்தநாள். இடியப்பமும் சொதியும் என் பொறுப்பு. போகாமல் விடலாம் என்றுதான் நினைத்தேன். பழக்கம் இழுத்துக்கொண்டு போனது. சட்டியோடு உள்ளே போனால், ஹாலில் சோபாவுக்கு மேலே, கதவளவு பெரிதாய் அந்தப் படம் கண்ணாடி போட்டு மாட்டிக் கிடக்கிறது. பாலைக் கொப்பில் கரடி. முதுகில் குட்டி. நெஞ்சில் அந்த வெள்ளை வளைவு தெளிவாகத் தெரிகிறது.

"வாவ், டொக்டர்! என்ன லென்ஸ்?" என்று ஒருத்தர் கேட்டார்.

"லென்ஸ் பெரிசில்லை, பொறுமைதான். அரை மணித்தியாலமா முதுகைத்தான் காட்டிக்கொண்டு இருந்தது. ஒரு செக்கன் திரும்பிச்சுது, பிடிச்சிட்டன்."

உன்னைப் பற்றி ஒரு சொல் இல்லை. நான் சட்டியை இறக்கி வைக்க மறந்து அப்படியே நின்றேன். நிலா பக்கத்தில் வந்து நின்றாள். பதின்மூன்று வயது. நாம் பேசுவதெல்லாம் விளங்கும், பதில் மட்டும் இங்கிலீஷில் வரும். படத்தைப் பார்க்காமல் தன் காலையே பார்த்துக்கொண்டு மெல்லச் சொன்னாள்: "இட்ஸ் நாட் லுக்கிங் அட் அஸ், ஆன்ரி. இட்ஸ் லுக்கிங் அட் ஹிம்."

அந்த இங்கிலீஷ் எனக்கு விளங்கியது.

நிமிர்ந்து பார்த்தேன். கரடியின் கண் கமராவில் இல்லை. கீழே, படத்தின் மூலையில், சட்டம் முடிகிற இடத்தைப் பார்க்கிறது. அங்கே ஒன்றும் இல்லை, வெறும் புல். அதற்கு அப்பால் நீ நிற்கிறாய். "அப்பா ஆஸ்க்ட் ஹிம் டு மேக் இட் டர்ன்" என்றாள் பிள்ளை. அதைத் திருப்பச் சொல்லி அப்பாதான் உன்னைக் கேட்டாராம், நீ இறங்கிக் கை தட்டினாயாம்.

"டொக்டர், அது ஆரைப் பாக்குது?" என்று கேட்டேன். சத்தமாகத்தான் கேட்டேன்.

எல்லாரும் திரும்பினார்கள். டொக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "கரடிக்குப் பார்வை குறைவு. அது சும்மா..." என்றார்.

சுபா அக்கா என் கையைப் பிடித்துக் குசினிக்குள் இழுத்துக்கொண்டு போனா. "இப்ப ஏன் இதைக் கதைக்கிறீர்? பிள்ளையள் நிக்கினம். உம்மட தம்பி எண்டால் எங்களுக்கும் தம்பிதானே."

"தம்பி எண்டால், படத்தில அவன் எங்க, அக்கா?"

சட்டியை அங்கேயே வைத்துவிட்டு வந்துவிட்டேன். அதை எடுக்க இன்னும் போகவில்லை, போகவும் மாட்டேன். டொக்டர் ஒரு கடிதம் எழுதி அந்த வாக்குமூலத்தைத் திருத்த வேண்டும் என்று உன் அத்தானை விட்டுக் கேட்கச் சொன்னேன். "பாப்பம்" என்றாராம். நீ சொன்ன அதே சொல். நீ பாப்பம் என்றால் செய்வாய்.

இதுவரை எழுதியதெல்லாம் அவர்களைப் பற்றி. அது எனக்குச் சுகமாகத்தான் இருந்தது. இனி எழுதப்போவது சுகமில்லை.

என் ஃபோன் கண்ணாடி வெடித்து ஒரு வருஷமாகிறது. புதிது வாங்கு என்று உன் அத்தான் நச்சரிக்கிறார். மாற்றும்போது நீ போய்விடுவாய் என்ற பயத்தில் நான் வாங்கவில்லை. அதற்குள்தான் உன் கடைசிக் குரல் இருக்கிறது. பின்னால் காட்டுக்கோழி கூவுகிறது. "அக்கா, உன்ர ஆக்கள் ஏறியாச்சு. அந்தப் பிள்ளை நல்ல பிள்ளை, எனக்குச் சொக்லேட் தந்தது. கரடி காட்டாமல் அனுப்பமாட்டன், சரிதானே? இனி என்னைத் திட்டாத" என்கிறாய். சிரித்துக்கொண்டுதான் சொல்கிறாய்.

அன்று பின்னேரம் என் கை முழுக்க மா. இல்லாவிட்டாலும் எழுத எனக்கு நேரமெடுக்கும் என்று உனக்குத் தெரியும். வேண்டாம், கவனம், இறங்காதே என்று ஒரு வார்த்தை வாயால் சொல்லி அனுப்பியிருக்கலாம். நான் பெருவிரலைத் தூக்கிக் காட்டுகிற அந்தச் சின்னப் படத்தைத் தட்டி அனுப்பினேன். நீ பார்த்துவிட்டாய் என்பதற்கு அதன் கீழே இரண்டு நீலக்கோடு இருக்கிறது. இன்றைக்கும் இருக்கிறது.

டொக்டர் திருப்பச் சொல்லிக் கேட்டது அந்த ஒரு நிமிஷம்தான். நான் மூன்று நாளுக்கு முன்பே கேட்டுவிட்டேன்.

குட்டித்தம்பி, நீ ஜீப் கதவைத் திறந்தபோது உன் காதில் இருந்தது அவருடைய குரலா, என்னுடைய குரலா?