பூஜையில் உட்கார்ந்த கத்தி

மைசூரு

அன்பு மகள் மனிஷாவுக்கு அப்பா எழுதுவது. சாமுண்டி அம்மன் தயவில் நாங்கள் நலம், நீயும் அங்கே குளிரில் காதை மூடிக்கொண்டு நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். அம்மாவின் முட்டிவலி தசரா கூட்டத்தைக் கண்டதும் ஓடிவிட்டது, கூட்டம் கலைந்ததும் திரும்பி வந்துவிட்டது.

உன் தம்பி மதன் வேறு மாதிரி சொல்வதற்குள் நானே எழுதிவிடுகிறேன். கிரிக்கெட்டில் அவுட்டா இல்லையா என்று அவனுக்கும் அடுத்த தெரு பிரசாந்துக்கும் தகராறு. பிரசாந்த் கத்தி வைத்திருக்கிறான் என்று யாரோ சொல்ல, இவனும் ஒன்று வாங்கி ஸ்கூட்டர் டிக்கியில் ஒளித்திருக்கிறான். ஆயுத பூஜைக்கு ஸ்கூட்டரைக் கழுவிய உன் அம்மா, பிள்ளை காய் நறுக்க வாங்கி வந்து கொடுக்க மறந்துவிட்டான் என்று நினைத்து, அதற்கும் குங்குமம் வைத்து அரிவாள்மணை பக்கத்தில் உட்கார வைத்துவிட்டாள். பார்த்ததும் எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. வெண்டைக்காய் நறுக்க யாரும் மடக்குக் கத்தி வாங்குவதில்லை, கண்ணு.

சாயங்காலம் பிரசாந்த் மைதானத்துக்கு வரச்சொல்லி செய்தி அனுப்பியிருக்கிறான். இவன் பூஜை அறையைச் சுற்றிச் சுற்றி வந்தான். பூசையில வெச்சதை நாளைக்குத்தான் எடுக்கோணும், கை வெச்சீன்னா பாரு என்றாள் அம்மா. சண்டைக்குப் போகிறவன் அம்மாவுக்குப் பயந்து வெறுங்கையோடு போனான். நானும் பின்னாலேயே போனேன். அங்கே பிரசாந்தும் வெறுங்கையோடு நின்றான், அவன் அம்மா சென்னம்மாவும் அவன் கத்தியைப் பூஜையில் வைத்துவிட்டாளாம். வேறு வழியில்லாமல் வாயால் சண்டை போட்டார்கள். அவுட்டே அல்ல கணோ என்று அவன் கன்னடத்தில், கண்ணு தெரியலையாடா என்று இவன். இருவருக்கும் ஆளுக்கொரு பொட்டலம் சுருமுரிப் பொரி வாங்கிக் கொடுத்தேன். இருவரிடமும் கத்தி இருந்திருந்தால் இது வேறு கடிதமாகியிருக்கும்.

இங்கே இளைஞர் சங்கத்தில் கத்திகளை வாங்கிக்கொண்டு, இனி எடுக்கமாட்டேன் என்று பிள்ளைகளிடம் உறுதி வாங்குகிறார்கள். நீயும் கொடுத்துவிடு என்று மதனிடம் சொன்னேன். அவன் கொடுக்கலேன்னா என்னப்பா பண்றது என்று கேட்டான். அவனையே கேட்போம் வா என்று பிரசாந்த் வீட்டுக்குக் கூட்டிப்போனேன். அங்கே அவனும் சென்னம்மாவிடம் அதே கேள்வியைத்தான் கேட்டுக்கொண்டிருந்தான். மறுநாள் இருவரும் ஒருவர் கையை ஒருவர் பார்த்துக்கொண்டே சங்கம் வரை நடந்தார்கள். நான் ஒன்று, இரண்டு, மூன்று சொன்ன பிறகுதான் பெட்டியில் போட்டார்கள். பலாப்பழத்துக்கு ஆகியிருக்கும் என்று உன் அம்மாவுக்கு இன்னும் வருத்தம்.

நேற்று மறுபடி ஆட்டம், மறுபடி அவுட் தகராறு. மதன் தொண்டை கட்டி வீட்டுக்கு வந்து வெந்நீர் கேட்டான். அந்தக் கரகரப்பைக் கேட்கக் கேட்க எனக்கு நிம்மதியாக இருந்தது.

நீ நோய்நொடி இல்லாமல் நன்றாக இரு, அம்மாவும் ஆசி சொல்லச் சொன்னாள். இந்த வாரமே தம்பிக்குப் போன் செய்ய மறக்காதே. இப்போதுதான் நீ திட்டுவதைக் குறுக்கே பேசாமல் கேட்பான்.

உன் அப்பா,
இராமச்சந்திரன்